சென்னையின் பெயர் பெற்ற நோய்

விருத்தாசலத்தில் வாழ்வோருக்குச் சுந்தரர் கதை புதிதன்று. திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். ஆற்றில் இடுமுன் அப்பொன்னிலிருந்து ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதனோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. வகுப்பில் இவ்விடத்தைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள், இறைவன் தந்த பொன்னுக்கும் உரைகல்லா என்று. அந்தச் சிரிப்பின் பொருள் நமக்கு விளங்கியது பிற்பாடுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒரு மாலையில் வீட்டுக்கு வந்தார். படிப்பு முடிந்ததும் பீங்கான் பட்டறை ஒன்றில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலையில் சேர்ந்திருந்தவர். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் நாள் முழுதும் குனிந்தபடியே எழுத வேண்டிய வேலை அது. வலக்கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலின் அடிச்சதை வற்றிக் குழிந்திருந்தது. “தூரிகை நிக்க மாட்டேங்குது ஐயா. ஏ.எல்.எஸ்.னு சொல்லிட்டாங்க. மூணு வருசந்தானாம்” என்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காக அவருடைய தந்தை நிலத்துக்கு விலை பேசிக் கொண்டிருந்தார்.

நாம் மருத்துவர் அல்லர். தமிழ் கற்பிப்பவர். ஆனால் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட ஒரு சொல்லை அறியாமல் இருக்க இயலவில்லை. அன்று தொடங்கிய வாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். அமையோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ் என்பதன் சுருக்கமே ஏ.எல்.எஸ். முதற்சொல் தசைக்கு ஊட்டமின்மையைக் குறிக்கிறது. மற்ற இரண்டும் தண்டுவடத்தின் பக்கப்பகுதி இறுகிப் போதலைச் சொல்கின்றன. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு ஒரு நரம்பணுவும், தண்டுவடத்திலிருந்து தசைக்கு மற்றொரு நரம்பணுவும் கட்டளையைக் கொண்டு செல்கின்றன. இவ்விரண்டும் மடிந்துகொண்டே வருவதுதான் இந்நோய். கை, கால், நா, இறுதியில் மூச்சுத் தசை என ஒவ்வொன்றாக ஓயும். பெரும்பாலோருக்கு அறிகுறி தோன்றியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே. பாரிஸ் நகரின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்கோ 1869இல் இதனை விளக்கினார். பெரிதும் நடுவயதைக் கடந்தோரின் நோய் என்பதே அதன்பின் நூல்களில் நிலைத்த சித்திரம்.

இச்சித்திரத்துக்கு நம் மண்ணிலிருந்து ஒரு திருத்தம் எழுந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இந்தியாவில் நரம்பியல் ஒரு தனித்துறையாக வேர்கொண்டதே விடுதலைக்குப் பின்னர்தான். 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். 1951இல் இந்திய நரம்பியல் சங்கம் உருவானது. இரண்டாண்டு கழித்து ‘நியூராலஜி இந்தியா’ என்னும் இதழ் பிறந்தது. அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் தென்னாட்டின் எல்லா ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து நின்றனர். அவ்வரிசையைக் கூர்ந்து நோக்கியவர்களுக்கு ஒன்று புலப்பட்டது. கைகால் மெலிந்து வருவோரில் சிலர் இளையோராக, சிறுவர்களாகக்கூட இருந்தனர். அவர்களுக்கு முகத்தசையும் நாவும் தளர்ந்திருந்தன. பலருக்குக் காதும் கேட்கவில்லை. வழக்கமான ஏ.எல்.எஸ். நோயில் செவிப்புலன் கெடுவதில்லை. மேலும், இவர்கள் சில ஆண்டுகளில் இறந்துவிடவுமில்லை. பல ஆண்டுகள், பத்தாண்டுகளுக்கு மேலும் வாழ்ந்தனர்.

மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் சென்னையில் இளவயதினரிடம் கண்ட இவ்வகையை 1970இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் பதிவு செய்தனர். அதுவே இன்று உலகெங்கும் மருத்துவ நூல்களில் ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ்’ என வழங்குகிறது. நகரின் பெயர் 1996இல் சென்னை என மாறியது. நோயின் பெயரில் மட்டும் மெட்ராஸ் இன்னும் உயிரோடிருக்கிறது.

அங்கே இட்ட பொன்னைப் பெங்களூரில் எடுத்தார்கள் எனலாம். அங்குள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் எம். கௌரிதேவியும் அவர்தம் குழுவினரும் இயக்க நரம்பணு நோய்களைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர் தொகுத்து 1987இல் வெளிவந்த நூலில் சென்னையின் அனுபவமும் பிற நாடுகளின் அனுபவமும் ஒருங்கே இடம்பெற்றன. பின்னர் ஏ. நளினியும் குழுவினரும் 1971 முதல் 2007 வரையிலான 36 ஆண்டுகளில் அங்கு வந்த 116 சென்னை வகை நோயாளரின் வரலாற்றைத் திரட்டி 2008இல் வெளியிட்டனர். பார்வை நரம்பும் கெடும் ஒரு கிளைவகை, குடும்பத்தில் தொடரும் வகை எனப் பகுப்புகளும் தெளிவாயின. 36 ஆண்டுகளுக்கு 116 பேர் என்னும் எண் சிறியதாகத் தோன்றலாம். அரிய நோயில் ஒரு மருத்துவரின் வாழ்நாள் போதாது. ஒருவர் எழுதிவைத்த குறிப்பை அடுத்தவர் பேணினால்தான் அறிவு உருவாகும். ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் காத்த மரபில் வந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கௌரிதேவியின் பணியில் நம் மாணவரைத் தொடும் பகுதி வேறொன்று. ஒரே கையோ ஒரே காலோ மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் தானே நின்றுவிடும் ஒரு வகையை அவர் 1984இல் விளக்கினார். கையைத் தாக்கும் இத்தகைய நோயை ஜப்பானில் ஹிராயாமா 1959இலேயே கண்டிருந்தார். பெரும்பாலும் பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உள்ள ஆண்களுக்கு வருவது. கழுத்தைக் குனியும்போது தண்டுவடத்தின் உறை முன்தள்ளி அதனை அழுத்துவதே காரணம் என்று பலரும் கருதுகின்றனர். குனிந்த நிலையில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால்தான் அவ்வழுத்தம் தெரியும். தொடக்கத்திலேயே கண்டறிந்து கழுத்துப்பட்டை அணிந்தால் மேலும் மெலிவதைத் தடுக்க வாய்ப்புண்டு.

இனி மருந்தின் கதை. ஷார்கோவுக்குப் பின் ஏறத்தாழ 125 ஆண்டுகள் எதுவும் கிட்டவில்லை. 1995இல் அமெரிக்கா ரிலுசோலுக்கு ஒப்புதல் அளித்தது. அதன் முதல் ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் ஷார்கோ பணியாற்றிய அதே சால்பெட்ரியரைச் சேர்ந்தவர்கள். அது கூட்டித் தந்தது ஓரிரு மாதங்களே. 2015இல் ஜப்பானில் எடரவோன் வந்தது. 1993இல் கண்டறியப்பட்ட எஸ்.ஓ.டி.1 என்னும் மரபணுப் பிழைக்கு உரிய மருந்தான டோஃபெர்சென் 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற முப்பது ஆண்டுகள் ஆயின. அதுவும் நோயாளரில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவருக்கே பொருந்தும். 2014இல் உலகே தலையில் பனிநீரைக் கொட்டிக்கொண்ட விளையாட்டில் அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அப்பணத்தின் துணையோடு பல நாட்டார் கூடி 2016இல் மற்றொரு மரபணுவின் பங்கை நிறுவினர். 2020இல், பல மருந்துகளை ஒரே பொது ஒப்பீட்டுக் குழுவோடு ஒருசேரச் சோதிக்கும் முறையும் அங்கே தொடங்கியது. வெற்று மருந்து பெறுவோர் தொகை இதனால் குறையும்.

உரைகல்லின் அருமை உணர்த்தும் நிகழ்ச்சியும் உண்டு. நோயாளர் பலரின் வேண்டுகோளுக்கிடையே 2022இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பெரிய அளவில் மீண்டும் சோதித்தபோது அது பயன் தரவில்லை எனத் தெரிந்தது. 2024இல் அதை உருவாக்கிய நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏமாற்றந்தான். ஆயினும் மாற்றுக் குறைந்த பொன்னைப் பொன்னென்று விற்பதினும் அது மேலானது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன. இரத்தம் சார்ந்தவை முதலான சில நோய்களுக்கான குருதியூட்டு உயிரணு மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் முறைகளை முறையான ஆய்வுக்கு வெளியே நோயாளருக்கு அளிக்கலாகாது. ஆய்வில் சேர்வோரிடம் பணம் வாங்குவதும் முறையன்று. இந்த ஒரு செய்தி சிற்றூர்களை எட்டாமையால் விற்கப்பட்ட நிலங்கள் எத்தனையோ.

சென்னை வகைக்கு இன்னும் மருந்தில்லை. ஆனால் ஒரு நம்பிக்கைக் கீற்று உண்டு. அதனோடு பெரிதும் ஒத்த தோற்றமுடைய, காதும் கேளாது போகும் ஓர் அரிய நோய் மேலைநாட்டு நூல்களில் உண்டு. உயிர்ச்சத்து பி2வை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் மரபணுவின் பிழையே அதற்குக் காரணம் என 2010இல் தெரியவந்தது. அந்த உயிர்ச்சத்தை மிகுந்த அளவில் கொடுத்ததும் பல குழந்தைகள் தேறினர். இரண்டும் ஒன்றே என நாம் சொல்லவில்லை. நுண்ணிதாக வேறுபடுத்திப் பெயரிட்டு வைத்த நோய்க்கே ஒருநாள் வாயில் திறக்கும் என்பதற்கு அது சான்று. ஐரோப்பியரிடம் மிகுதியாய்க் காணும் மரபணுப் பிழை ஆசியரிடம் அரிதாய் இருப்பதும் தெரிந்ததே. ஆகவே நம் நோயாளரின் குருதியும் குறிப்புகளும் உலக ஆய்வில் சேராதவரை, அங்கு கிடைக்கும் விடை நம் கேள்விக்கு உரியதாய் இராது.

மாணவருக்கு வருவோம். நிலத்தை விற்பதற்கு முன் சென்னையில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்க்குமாறு தந்தையை இணங்க வைத்தோம். கழுத்தைக் குனியவைத்துப் படம் எடுத்தார்கள். ஹிராயாமா நோய். ஏ.எல்.எஸ். அன்று. மூன்றாண்டுகள் கழுத்துப்பட்டை அணிந்தார். வற்றிய சதை மீளவில்லை. மேலும் வற்றவுமில்லை. கண் எழுதும் வேலையை விட்டுவிட்டு இன்று அதே பட்டறையில் சூளைக் கணக்குப் பார்க்கிறார். சென்ற நவராத்திரிக்கு ஒரு பொம்மை கொண்டுவந்தார். கண்ணை அவரே இடக்கையால் எழுதியிருந்தார். சற்றுக் கோணல்தான்.

எல்லோர் கதையும் இவ்வாறு முடிவதில்லை. மெய்யாகவே ஏ.எல்.எஸ். வந்தோர்க்கு இன்று நம்மால் இயல்வது மூச்சுக்கருவி, உணவுக்குழாய், ரிலுசோல், உடனிருக்கும் மனிதர்கள் ஆகியவையே. ஆனால் 1970இல் மூவர் ஓர் அரசு மருத்துவமனையின் வரிசையில் நின்ற இளைஞர்களை, நூலில் உள்ள நோயோடு பொருந்தவில்லையே என்று இன்னொரு முறை பார்த்தார்கள். அந்த இன்னொரு முறைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.