கட்சி நிறம் ஏறிய சூரியன்: அமெரிக்காவில் சோலார் ஆதரவின் அரசியல், 1979–2025

அமெரிக்காவில் சூரிய ஆற்றல் கட்சி விவகாரமானதை வெள்ளை மாளிகையின் கூரையிலிருந்து தொடங்கிச் சொல்வது வழக்கம். ஜனநாயகக் கட்சி அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1979 ஜூன் 20 அன்று அங்கே 32 பேனல்களைத் திறந்துவைத்தார். குடியரசுக் கட்சியின் ரேகன் ஆட்சியில், 1986இல், கூரைப் பராமரிப்புக்காக அவை இறக்கப்பட்டன; திரும்ப ஏற்றப்படவில்லை. இந்தக் கதை அளவுக்கு மீறிக் கச்சிதமானது. அந்தப் பேனல்கள் தந்தது மின்சாரமல்ல, வெந்நீர். ரேகன் காலத்தின் உண்மையான அடி நிதியில்தான் விழுந்தது. கொலராடோவிலிருந்த சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனத்தின் ஒதுக்கீடு வெட்டப்பட்டது. இயக்குநர் டெனிஸ் ஹேஸ் 1981இல் நீக்கப்பட்டார். வீடுகளுக்கான வரிச்சலுகை 1985 இறுதியில் முடிந்தது.

பின்வந்த குடியரசுக் கட்சியினர் சோலாரை ஒதுக்கிவிடவில்லை. அந்த ஆய்வு நிறுவனத்தை 1991இல் தேசிய ஆய்வகமாக உயர்த்தியவர் மூத்த புஷ். 30 சதவீத வரிச்சலுகை 2005இல் இளைய புஷ் கையெழுத்திட்ட சட்டத்தில் வந்தது. ஒபாமா அரசு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்த சோலிண்ட்ரா நிறுவனம் 2011இல் திவாலானபோதுதான், சோலார் என்றாலே வரிப்பணத்தை வீணடிப்பது என்ற பேச்சு தேர்தல் மேடைக்கு வந்தது.

ஆயினும் அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஜார்ஜியாவில் நடந்தது இந்தக் கணக்கில் அடங்காது. டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கத்தின் அட்லாண்டா அமைப்பாளர் டெபி டூலி, சியரா கிளப் என்ற சூழலியல் அமைப்போடு கைகோத்தார். அவர் பருவநிலையைப் பற்றிப் பேசியதைவிட, தன் கூரையில் மின்சாரம் தயாரிக்கும் உரிமையையும் ஜார்ஜியா பவர் நிறுவனத்தின் ஏகபோகத்தையும் பற்றிப் பேசியதே அதிகம். இன்னொரு வலதுசாரி அமைப்பான ‘அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி’ எதிர்த்து நின்றது. ஐவருமே குடியரசுக் கட்சியினரான மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம், 2013 ஜூலையில் 3–2 வாக்கில், 525 மெகாவாட் சோலாரைச் சேர்க்க அந்நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. ஒரே கட்சி, ஒரே பேனல், இரண்டு வாதங்கள். கட்சி அடையாளம் மனிதரைச் சோலாருக்கு எதிராகத் திருப்புவதில்லை. சோலார் யாருடைய திட்டமாகக் காட்டப்படுகிறதோ அதுவே திருப்புகிறது என்பது என் துணிபு.

பியூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்புகளும் இதற்கு இடம் தருகின்றன. சோலார் பண்ணைகளை விரிவாக்குவதை 2020இல் குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 84 சதவீதத்தினர் விரும்பினர். 2024இல் 64 சதவீதத்தினர்தான். ஜனநாயகக் கட்சியினரிடம் பெரிய மாற்றமில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஜனநாயகக் கட்சி அதிபர் பைடன் சோலாரைத் தன் ஆட்சியின் முகமாக்கினார். சோலார் வரிச்சலுகைகளை நீட்டித்த 2022இன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்துக்குக் குடியரசுக் கட்சியின் ஒரு வாக்குகூட விழவில்லை. இதே காலத்தில் அக்கட்சி ஆளும் டெக்சாஸில் சோலார் பண்ணைகள் வேகமாகப் பெருகின என்பது வேடிக்கை. விவசாயிக்கு நிலக்குத்தகை வந்தது, அவ்வளவுதான்.

அச்சட்டத்தின் வரிச்சலுகைகளை அவசரப்பட்டு ரத்துசெய்ய வேண்டாம் என்று 2024 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் 18 கீழவை உறுப்பினர்கள் கடிதம் எழுதினர். பலன் சொற்பம். 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுக் கூரைக்கான சலுகையை அவ்வாண்டு டிசம்பருடன் முடித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவின் அந்த ஆணையத்தில் இரண்டு இடங்களை ஜனநாயகக் கட்சி கைப்பற்றியது. பிரசாரத்தில் முன்னின்றது மின்கட்டண உயர்வு.