பழைய நூலும் புதிய வினாவும்

தத்துவம் படித்தால் வயிறு நிறையுமா என்று கேட்பவர் நம்மவருட் பலர். வைத்தியம், சட்டம், கணக்கு என்னும் இவற்றுள் ஒன்றையே மைந்தன் பயிலவேண்டுமென்பது பெற்றோர் விருப்பம். ஜோகூர்த் தோட்டமொன்றிற் கிராணி வேலை பார்க்கும் யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அண்மையில், பால் வெட்டுந் தொழிலாளி ஒருவரின் மகன், பல்கலைக்கழகத்தில் தத்துவமும் சமயமும் பயில விரும்பி, மனு எழுத என் உதவியை நாடினான். உடனே விடை கூற இயலாது, சரித்திரம் ஒன்றைத் தேடிப் படித்தேன். அதனை ஈண்டு வரைகின்றேன்.

1888-ஆம் ஆண்டு திருத்தணியிற் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். குடும்பம் வறியது, உபகாரச் சம்பளமே படிப்புக்குத் துணை. திருப்பதியிலும் வேலூரிலும் கற்றுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை அடைந்தார். அங்கே பயின்று தேறிய உறவினர் ஒருவர் தம் பழைய தத்துவ நூல்களை அவருக்கு ஈந்தார். புதுநூல் வாங்கப் பொருளில்லா மாணாக்கர் அவற்றையே பற்றித் தத்துவத்தைத் தம் பாடமாகக் கொண்டார்.

உலகை மாயையென்னும் வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமில்லை என்பது அந்நாளில் கிறிஸ்தவ போதகர் பலர் கூறிய குறை. அது இளைஞரின் உள்ளத்தைச் சுட்டது. சினந்து வாதாடுதல் எளிது. வாய்மூடி இருத்தல் அதனினும் எளிது. அவரோ இரண்டையும் விடுத்து, முன்னோர் நூல்களை ஆராயப் புகுந்தார். வேதாந்தத்தின் ஒழுக்க நெறியைப் பற்றிய அவரது ஆராய்ச்சியுரை 1908-இல் அச்சேறியது. ஆசிரியர் ஹாக் என்பார் ஸ்காத்லாந்து தேசத்துப் போதகர். மாணாக்கரின் விடையைக் கண்டு முகஞ் சுளியாமல் அதனைப் பாராட்டினார். கல்வியின் அறம் இதுவன்றோ?

பின்னர் அவர் 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியிலும், 1921-இல் கல்கத்தாவிலும், 1936-இல் ஆக்ஸ்போர்டிலும் ஆசிரியப் பதவி ஏற்றார். 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசின் தலைவராயும் விளங்கினார்.

ஆயினும் புகழுரையோடு நிறுத்துதல் முறையன்று. 1926-இல் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் அவர் சாதியமைப்பின் தோற்றத்திற்குச் சமாதானம் கூறினார். இந்து சமூகம் நெடுங்காலம் நிலைத்ததையும் அதன் பெருமையாகக் கொண்டார். அமெரிக்காவில் ஜான் டூயி என்னும் தத்துவ ஆசிரியரிடம் பயின்ற அம்பேத்கர், 1936-இல் சாதியை ஒழிப்பது பற்றி எழுதிய நூலில் அவர் பெயரைச் சுட்டியே மறுத்தார். ஒரு சமூகம் உயிரோடிருப்பது போதாது, எந்நிலையில் வாழ்கின்றது என்பதே வினா என்றார். போதகரை நோக்கி விடையிறுத்தவரும் வினாவுக்குத் தப்பவில்லை. எல்லாம் ஒன்றேயெனில், மனிதருள் மட்டும் மேல் கீழ் எங்ஙனம் வந்தது? இதனைத் தம் சமயத்தை நோக்கியும், தம்மை நோக்கியும் அஞ்சாது கேட்கப் பழக்குவதே இக்கல்வியின் பயன்.

மனுவை எழுதிக் கொடுத்தேன். "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா, ஐயா?" என்றார் தந்தை. "உறுதி கூற இயலாது; ஆனால் கேள்வி கேட்கக் கற்பான்" என்றேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, "நாங்கள் கேட்காமலிருந்தே காலம் போய்விட்டது" என்று கூறிக் கையொப்பமிட்டார்.

அன்பர்களே! படித்து முடித்த நூல்களைப் பெட்டியிற் பூட்டி வையாதீர். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையில் அவற்றைக் கொடுங்கள்.