தைக்காடு ஆஸ்பத்திரியும் ஒரு பழைய வலியும்

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்." திருவனந்தபுரத்தில் பதினாறு வயதில் மாதாமாதம் சுருண்டு படுத்த என் மனைவி கேட்ட வசனம் இது. கல்யாணம் ஆச்சு, கடலும் தாண்டியாச்சு. வலியும் கூடவே வந்தது. 34-ஆவது வயதில்தான் அதற்கு ஒரு பெயர் தெரிந்தது: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்படலம் போன்ற திசு, வெளியே சினைப்பை, குடல் பக்கமெல்லாம் வளர்வது.

கத்தி வைக்காமல் வழி உண்டா என்று தேடப்போய் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டேன்.

1860-ல் வியன்னாவில் ரோகிடான்ஸ்கி இதை விவரித்தார். 1920-களில் அமெரிக்க டாக்டர் சாம்ப்சன் பெயர் சூட்டினார். அப்போது நம்ம ஊரில்? தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரியில் மேரி புன்னன் லூகோஸ் இருந்தார். பெண் என்பதால் மகாராஜா கல்லூரியில் அறிவியல் மறுக்கப்பட்டு, சரித்திரம் படித்து 1909-ல் பட்டம் வாங்கியவர். லண்டனில் டாக்டராகி 1916-ல் தைக்காட்டில் பொறுப்பேற்றார். 1938-ல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல்! ஆனால் பிரசவத்துக்கே ஆஸ்பத்திரி வரத் தயங்கிய காலம். மாதவிலக்கு வலிக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

பாட்டிகள் சொன்ன அந்த வசனத்தில் ஒரு துளி உண்மையும் இருக்குங்க. கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு நிற்பதால் சிலருக்கு வலி குறையும், பிறகு திரும்பலாம். 1950-களின் கடைசியில் கிஸ்ட்னர் என்ற அமெரிக்கர், கர்ப்பம் போன்ற நிலையை ஹார்மோன் மாத்திரையால் உண்டாக்கிப் பார்த்தார். 1970-களில் டானசோல் வந்தது. கூடவே முகத்தில் முடி, குரல் மாற்றம் என்று தொல்லைகளும். இன்று டையனோஜெஸ்ட், ஹார்மோன் ஐ.யு.டி. எனத் தேர்வுகள் உண்டு. ஸ்கேனையும் அறிகுறிகளையும் வைத்தே சிகிச்சையை ஆரம்பிக்கலாம், கண்டுபிடிக்க மட்டுமே எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பி தேவையில்லை என்று 2022-ல் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொன்னது.

இவை நோயை வேரோடு எடுப்பதில்லை, அடக்கி வைக்கும். பெரிய கட்டி, குடல் அடைப்பு என்றால் ஆபரேஷன் தேவைப்படலாம். என் மனைவிக்கு மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி என்று ஓடுகிறது. வலி போகவில்லை. ஆனால் லீவு போடாமல் வேலைக்குப் போகிறாள்.

2023-ல் கேரள அரசு பல்கலைக்கழக மாணவிகளுக்கு மாதவிலக்கு விடுப்பு அறிவித்த செய்தியைக் காட்டினேன். படித்துவிட்டு, "எங்க காலத்துல வயித்து வலின்னு பொய்க் கடுதாசி எழுதுவோம். உண்மையிலயே வயித்து வலிதான்" என்றாள்.

உங்கள் வீட்டுப் பெண் மாதாமாதம் பள்ளிக்குப் போக முடியாமல் படுத்தால், அந்தப் பழைய வசனத்தைச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.