நீலப்பெட்டிக்குள் ஒரு லினக்ஸ்

கொஞ்சம் வரலாறு பேசலாம் நண்பர்களே. ராஜராஜன் காலத்து வரலாறு இல்லை, 2002-ல் ஆரம்பிக்கிற வரலாறு.

அந்த டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வயர்லெஸ் ரவுட்டரை வெளியிட்டது. நீலமும் கறுப்புமாக, பின்னால் இரண்டு ஆன்டெனாவோடு ஒரு பெட்டி. அடுத்த ஆண்டே சிஸ்கோ சுமார் 50 கோடி டாலருக்கு லிங்க்சிஸையே வாங்கிவிட்டது. அதே 2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லஸ் என்பவர் லினக்ஸ் கெர்னல் மடலாடற்குழுவில் ஒரு மடல் போட்டார். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ், ஆனால் அதன் மூலநிரலை எங்கும் காணோம் என்பதுதான் விஷயம்.

லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் எளிமையானது. எடுத்துக்கொள், மாற்று, காசுக்கும் விற்றுக்கொள். ஆனால் வாங்கியவர் கேட்டால் மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், மென்பொருள் வந்தது சிப் செய்த பிராட்காம் வழியாக. அதை எழுதியதோ வேறொரு கம்பெனி. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நெருக்க, அந்த ஆண்டே மூலநிரல் வெளியே வந்தது. வயர்லெஸ் சிப்புக்கான டிரைவர் மட்டும் மூடியே இருந்தது.

அதற்குள் ஆர்வலர்கள் ஒரு ஓட்டையையும் கண்டுபிடித்திருந்தார்கள். ஆரம்பகால ஃபர்ம்வேரில், பிங் சோதனைக்கான கட்டத்தில் ஒரு கட்டளையைத் தட்டினால் ரவுட்டர் சமர்த்தாக அதை நிறைவேற்றிவிடும் :-)

2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. இருந்த இடமோ 4 எம்பி ஃபிளாஷ், 16 எம்பி ராம். ஒரு எம்பி3 பாட்டு அளவு இடத்தில் ஒரு முழு லினக்ஸ்! வேண்டிய மென்பொருளை மட்டும் பொட்டலம் பொட்டலமாக ஏற்றிக்கொள்ளலாம், வேண்டாததைக் கழற்றலாம். மற்ற மாற்று ஃபர்ம்வேர்களைவிட இது நீடித்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் இந்த நீலப்பெட்டிக்கு ஒரு கதை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005 ஜனவரியில்தான் அரசு விதி வந்தது. அடுத்த மாதமே தர்மசாலாவில், திபெத்திய அகதிகள் வாழும் மலைச்சரிவுகளில், ஒரு சமூக வலைப்பின்னல் உயிர்பெற்றது. முதல் மாதத்திலேயே 8 வளாகங்கள் இணைந்தன. கணுக்களாக இருந்தவை மென்பொருள் மாற்றிய டபிள்யூஆர்டி54ஜி பெட்டிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவித் தகவல் போகும். கடையில் வாங்கியபடியே இருந்த ஃபர்ம்வேரில் இது நடக்காது. அங்கே ஆன்டெனா காற்று மழைக்குத் தாங்கினால் போதாது, குரங்கு தொங்கினாலும் தாங்க வேண்டும்!

அதே 2005-ன் இறுதியில் 5-ஆம் பதிப்பு வந்தது. லினக்ஸ் போய் விஎக்ஸ்வொர்க்ஸ் உட்கார்ந்தது. ஃபிளாஷ் 2 எம்பி, ராம் 8 எம்பி என்று பாதியானது. லினக்ஸ் வேண்டுபவர்களுக்குப் பழைய வன்பொருளையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று பெயரிட்டுத் தனியாக விற்றார்கள். கெட்டிக்கார வியாபாரம்தான். உரிமச் சண்டையோ ஓயவில்லை. 2008 டிசம்பரில் சிஸ்கோமீது அறக்கட்டளை வழக்கே போட்டு, 2009 மே மாதம் சமரசம் ஆனது.

திட்டத்துக்குள்ளும் பங்காளிச் சண்டை உண்டு. 2016-ல் லீட் என்று ஒரு குழு பிரிந்து போய், 2018-ல் மறுபடி சேர்ந்தது.

இங்கே புனேயில் என் வீட்டு ரவுட்டருக்குத் தயாரிப்பாளர் புது ஃபர்ம்வேர் கொடுப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டிருப்பதால் பாதுகாப்பு ஓட்டைகள் இன்னும் அடைபடுகின்றன. அதிலுள்ள எஸ்க்யூஎம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரேஷன் கடையில் ஒருத்தரே பத்து கார்டோடு நின்றாலும் பின்னால் இருப்பவரையும் நகரவிடுகிற ஏற்பாடு அது. பையன் கேம் டவுன்லோட் போட்டாலும், கும்பகோணத்திலிருந்து பேசும் அம்மாவின் முகம் உறைவதில்லை.

2024 நவம்பரில் திட்டத்தின் பெயரிலேயே ‘ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்’ என்ற ரவுட்டர் விற்பனைக்கு வந்தது. ராம் 1 ஜிபி. பழைய 16 எம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்!

புதிதாக வாங்காமல் வீட்டில் இருப்பதிலேயே போட்டுப் பார்க்க நினைப்பவர்கள், பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரில் மாடல் பெயரோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள். திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் அதே எண் இருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம்.