சுங்கை சிப்புட்டில் தொடங்கிய அட்டை

மலேசிய அடையாள அட்டையில் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்; அங்கே 08 என்று இருந்தால் ஆள் பேராக்காரர். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஐ.சி. என்று எல்லோரும் சொல்லும் இந்த அட்டை வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் சிம் கார்டு கடையிலும் அன்றாடம் வெளியே வருகிறது. அதன் பொன்னிறத் தகட்டுக்கு அடியில் ஒரு முழுக் கணினியே இருக்கிறது. அந்தக் கணினியும் அந்த அட்டையும் ஒன்று சேர்வதற்கு வங்காளத்துக் குத்தகைக்காரர் ஒருவர், ஹிட்லர் காலத்து ராக்கெட் பொறியாளர் ஒருவர், எண்ணெய்க் கிணறுகளுக்குச் சேவை செய்யும் கம்பெனி ஒன்று, ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டம் என்று எத்தனையோ பேரும் இடங்களும் தேவைப்பட்டன.

குத்தகைக்காரர்தான் முதலில் வருகிறார். 1858-ல் வங்காளத்தின் ஜாங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடுவதற்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். பின்னாளில் ஆள் மறுத்துவிடக் கூடாதே என்று உள்ளங்கையில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தச் சொன்னார். ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வந்த அந்த யோசனை மெல்ல மெல்ல அறிவியலானது. கல்கத்தாவில் அசீசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் ரேகைகளை வகைப்படுத்தி அடுக்கும் கணக்கை உருவாக்கினார்கள். 1897-ல் அங்கே விரல்ரேகைப் பிரிவு வேலையைத் தொடங்கியது. அந்த முறைக்கு மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. உழைத்த இருவரின் பெயரும் வெளியே தெரிய வெகுகாலம் ஆனது.

இனி பேராக். 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட்டின் எல்பில் தோட்டத்துக்கு சைக்கிளில் வந்த இளைஞர்கள் மேலாளர் ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஜான் அலிசனும் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில் அது மலாயா முழுவதற்கும் பரவியது. காட்டிலிருந்து வரும் கம்யூனிஸ்டு கெரில்லாவையும் தோட்டத்தில் பால் வெட்டுபவரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அரசு கண்ட வழி பதிவு. அந்த ஆண்டே பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவருக்கும் ஒளிப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டை கட்டாயமானது. கம்யூனிஸ்டுகள் அதன் ஆபத்தை உடனே புரிந்துகொண்டார்கள். தொழிலாளர்களிடமிருந்து அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அட்டை இல்லாதவரைச் சிப்பாய் சந்தேகிப்பார். இருப்பவரைக் காட்டிலிருந்து வருபவர் சந்தேகிப்பார். தோட்டத்துத் தமிழர் இந்த இரண்டுக்கும் நடுவே வாழ வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிரிட்டனிலும் போர்க்கால அடையாள அட்டை இருந்தது. சாதாரண மக்களின் அட்டையில் படம்கூட இல்லை. 1950 டிசம்பரில் கிளாரன்ஸ் வில்காக் என்பவர் கார் ஓட்டும்போது போலீஸ்காரர் நிறுத்தி அட்டையைக் கேட்டார். காட்ட முடியாது என்றார் வில்காக். வழக்கு நடந்தது, நீதிபதிகள் அரசைக் கண்டித்தார்கள், 1952-ல் அந்த அட்டையே ஒழிந்தது. மலாயாவில் அவசரகாலம் 1960-ல் முடிந்த பிறகும் அட்டை போகவில்லை. முதல் ஐ.சி. எடுக்கும் வயது இன்றைக்கும் பன்னிரண்டுதான்.

அட்டைக்கு நிறமும் வந்தது. குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. தோட்டங்களில் அந்த நிறம் வாழ்க்கையையே தீர்மானித்தது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களான சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பிறந்து வளர்ந்த தோட்டத்து லய வீட்டைப் பூட்டிவிட்டுக் கப்பலேறியவர்கள் அதில் எத்தனை பேர்!

இதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுக்கு வழிகாட்டும் கருவிகளில் வேலை பார்த்த ஹெல்முட் குரோட்ரப், போருக்குப் பின் சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1953-ல் திரும்பி வந்தவர். 1960-களின் இறுதியில் அவரும் யூர்கன் டெத்லோஃபும் அட்டைக்குள் மின்சுற்றைப் பதிக்கும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டார்கள். 1974-ல் பாரிஸில் ரோலண்ட் மொரேனோ தனியாக அதே பாதையில் வந்து சேர்ந்தார். பத்திரிகைகளில் வேலை பார்த்தவர், மின்னணுவியலைத் தானே கற்றவர். முதலில் அவர் நினைத்தது மோதிரத்தில் சிப் வைப்பதைத்தான். மூன்று ஆண்டுகள் கழித்து மிஷல் யூகோன் அட்டைக்குள் நுண்செயலியைக் கொண்டுவந்தார். அப்போதுதான் அட்டை, கேட்பவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் நினைவகமாக இல்லாமல், யோசித்துப் பதில் சொல்லும் கணினியாக மாறியது.

அட்டையின் பொன்னிறத் தகட்டைக் கூர்ந்து பாருங்கள். மெல்லிய கோடுகள் அதைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கும். ஒன்றில் மின்சாரம் வருகிறது, ஒன்றில் கடிகாரத் துடிப்பு, ஒன்றில் மறுதொடக்கக் கட்டளை, ஒன்றின் வழியேதான் பேச்செல்லாம். எந்தக் கட்டம் எந்த இடத்தில் என்று 1980-களின் இறுதியில் ஐஎஸ்ஓ 7816 என்ற தரநிலை தீர்த்து வைத்தது. பேச்சுக்கும் அதே தொகுதி விதி வகுத்தது. கருவி கட்டளை அனுப்ப வேண்டும்; அட்டை கடைசியில் நான்கு இலக்கத்தில் முடிவைச் சொல்ல வேண்டும். 9000 என்றால் எல்லாம் சரி. 6982 என்றால் உனக்கு அனுமதி இல்லை. ஈப்போ வங்கிக் கிளையிலும் பாரிஸ் பெட்டிக்கடையிலும் ஒரே பதில்தான். யார் செய்த அட்டையும் யார் செய்த கருவியோடும் பேச முடிவது இந்தச் சலிப்பூட்டும் ஒப்பந்தங்களால்தான். சிப்பைவிட இதைத்தான் நான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

பொது மொழி இருந்தால் போலி செய்பவர்களும் அதைக் கற்றுக்கொள்வார்கள். 1990-களின் இறுதியில் பிரெஞ்சுப் பொறியாளர் செர்ஜ் ஹம்பிக் பிரான்ஸ் வங்கி அட்டைகளின் 320 பிட் மறையெண்ணை உடைத்தார். எந்த ரகசிய எண்ணை அழுத்தினாலும் 'சரி' என்று தலையாட்டும் அட்டையைச் செய்தார். 'யெஸ்கார்டு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. குறையை வங்கிகளின் அமைப்பிடம் சொல்லிப் பேரம் பேசினார். நிரூபிப்பதற்காகப் பாரிஸ் மெட்ரோ டிக்கெட்டுகளை அந்த அட்டையால் வாங்கிக் காட்டினார். கிடைத்தது பத்து மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை.

அடுத்த பாய்ச்சல் டெக்சாஸிலிருந்து வந்தது. ஷ்லும்பெர்ஜர் என்றால் எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்கு ஸ்மார்ட் கார்டு பிரிவும் இருந்தது. 1996-ல் ஆஸ்டினில் இருந்த அதன் பொறியாளர்கள் ஜாவா மொழியைச் சுருக்கி அட்டைக்குள் அடக்கினார்கள். ஜாவாவும் 1990-களின் தொடக்கத்தில் வீட்டு மின்னணுச் சாதனங்களுக்காகத் தொடங்கியதுதான். இணையத்தில் புகழ்பெற்றுவிட்டுச் சிறு கருவிகளிடமே திரும்பி வந்தது. நிஜச் சிப்பின் மேல் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை அமைத்துவிட்டால், அதற்கு எழுதிய நிரல் எந்தக் கம்பெனியின் சிப்பிலும் ஓடும். ஒரே அட்டையில் பல நிரல்களும் குடியிருக்கலாம், தோட்டத்து லயம் போல: ஒரே கூரை, ஒரே குழாயடி, ஆனால் வீட்டுக்கு வீடு சுவர். வங்கி நிரல் பேருந்து நிரலின் தரவைத் தொடப் போனால் அட்டையே தடுத்துவிடும்.

மலேசியா இதில் பின்தங்கவில்லை, முந்திக்கொண்டது. 1998-ல் உலகிலேயே முதன்முதலாகச் சிப் பதித்த கடப்பிதழை வெளியிட்டது. உள்ளூர் கம்பெனியான ஐரிஸின் தொழில்நுட்பம். முந்தியதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பின் தரநிலை அதற்குப் பிறகே வந்ததால், 2010-ல் மலேசியக் கடப்பிதழ் புதிய விதிக்கு மாறவேண்டியிருந்தது. 2001 செப்டம்பர் 5-ல் மைகார்டு வந்தது. அடையாளம், ஓட்டுநர் உரிமம், மருத்துவக் குறிப்பு, டச் அண்ட் கோ பணப்பை எல்லாம் ஒரே அட்டையில், பெருவிரல் ரேகையும் சேர்த்து.

ஈப்போவும் இந்தச் சிப் தொழிலுக்கு அந்நிய ஊர் அல்ல. கார்செம் கம்பெனி 1972-லேயே இங்கே சிப்களைப் பொதிந்து சோதிக்கத் தொடங்கியது. பின்னர் சிம்பாங் பூலாயில் யூனிசெம் வந்தது. 1985-ல் ஈய விலை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் ஈய வயல்கள் ஓய்ந்தன, தோட்டங்களும் துண்டு துண்டாயின. அம்மா விடியலில் பால் வெட்டப் போன வீட்டிலிருந்து மகள் ஃபேக்டரி பஸ் ஏறினாள். முடியைவிட மெல்லிய கம்பியால் சிப்பையும் அதன் கால்களையும் இணைக்கும் இயந்திரத்தின் முன்னே நின்றாள்.

இத்தனை சாமர்த்தியமும் பதிவானவருக்குத்தான் பயன்படும். லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமலே வளர்ந்தவர்கள் பலர். பெற்றோரிடம் பத்திரம் இல்லை, அதனால் பிள்ளைக்கும் இல்லை, பேரனுக்கும் இல்லை. 2011-ல் அரசு 'மைடஃப்தார்' இயக்கம் நடத்தி இத்தகைய இந்தியர்களைத் தேடிப் பதிவு செய்ய முயன்றது. சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை. அட்டை உள்ள முதியவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. காலமெல்லாம் கையால் உழைத்துத் தேய்ந்த பெருவிரலின் ரேகையைக் கருவி எளிதில் படிப்பதில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். இதைச் சிறு குறை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உழைப்பே ஒருவரின் அடையாளத்தைக் கருவிக்கு மறைக்கிறது என்றால், திருந்த வேண்டியது கருவிதான்.

அட்டையில் கற்றுக்கொண்ட சுவர் எழுப்பும் வித்தை இப்போது காருக்குள் போயிருக்கிறது. பேராக்கின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே உருவாவது போன்ற இன்றைய காரில் பிரேக்குக்கு, இன்ஜினுக்கு, திரைக்கு என்று பல கணினிகள். 2015-ல் பாதுகாப்பு ஆய்வாளர்களான சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். பாட்டுப் போடும் திரைவழியே நுழைந்து இன்ஜின்வரை போனார்கள், இடையில் போதிய சுவர் இல்லை. கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்திய மென்பொருளை யூஎஸ்பி குச்சியில் போட்டு உரிமையாளர்களுக்குத் தபாலில்கூட அனுப்பியது. இன்று ஒரே சிப்பில் பல இயங்குதளங்களை ஓடவிட்டு, ஒன்று மற்றொன்றைத் தொடாதபடி காவல் இருக்கும் ஹைப்பர்வைசர் மென்பொருளைக் கார்க் கம்பெனிகள் கையாள்கின்றன. சிட்னி ஆய்வாளர்கள் 2009-ல் இன்னும் ஒரு படி ஏறினார்கள். எஸ்இஎல்4 என்ற சிறு இயங்குதளக் கருவின் ஏறத்தாழ 8,700 வரி நிரலும் வடிவமைப்பு சொன்னதை மீறாது என்று கணித முறையில் நிறுவினார்கள்.