ஐஸ் ஹவுஸ் ஆசிரியை

சென்னைக் கடற்கரையை நோக்கி நிற்கும் விவேகானந்தர் இல்லத்துக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்னும் பழம்பெயரும் உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டமையால் அப்பெயர் வழங்கலாயிற்று. பிற்காலத்தில் அதே கட்டடம் இளம் விதவைகள் தங்கிப் பயிலும் விடுதியாயிற்று. அங்கே அவர்களுக்கு ஆசிரியையாகவும் அன்னையாகவும் விளங்கியவர் சகோதரி சுப்புலட்சுமி.

1886இல் பிறந்த அவருக்குப் பதினொரு வயதில் மணம் நிகழ்ந்தது; சின்னாளில் கணவர் இறந்தார். அக்காலப் பிராமணக் குடும்பங்களிலே கைம்பெண்ணின் தலையை மழிப்பதும், மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து அவளை விலக்குவதும், வீட்டின் ஒரு மூலையில் ஒடுக்குவதும் வழக்கம். தந்தையார் சுப்பிரமணிய ஐயரோ மகளைக் கல்வியிற் செலுத்தினார். 1911இல் அவர் மாநிலக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார்.

தாம் பெற்ற விடுதலை தம்மோடு நின்றுவிட அவர் விரும்பவில்லை. 1912இல் எழும்பூரிலிருந்த தம் தந்தையார் வீட்டிலேயே இளம் விதவைகள் சிலரைச் சேர்த்துக் கற்பிக்கலானார். பெண்கள் பள்ளிகளை மேற்பார்வை செய்துவந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையார் அவருக்குத் துணைநின்றார். பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டியிருந்தமையால் அரசாங்கமும் ஆதரவளித்தது. விடுதி வளர்ந்து ஐஸ் ஹவுஸை அடைந்தது. பின்னாளில் இராணி மேரி கல்லூரி எனப் பெயர்பெற்ற மகளிர் கல்லூரியும் அதற்கு அண்மையிலேயே இருந்தது.

வழக்கத்தை எதிர்க்க அவர் கையாண்ட முறை நுட்பமானது. உணவிலும் ஆசாரத்திலும் குடும்பங்களின் பழைய ஒழுங்கை அவர் குலைக்கவில்லை. அதனாலேயே பெற்றோர் அஞ்சாது தம் பெண்களை அனுப்பினர். ஆயின், கைம்பெண்ணுக்குக் கல்வியும் தொழிலும் ஆகா என்ற மூலக் கட்டுப்பாட்டை அவர் சிறிதும் மதிக்கவில்லை. பிறர் இரக்கத்தில் வாழவேண்டியவர் எனக் கருதப்பட்ட பெண்கள், ஆசிரியைகளாகித் தம் ஊதியத்தில் வாழத் தலைப்பட்டனர்.

அம்முறைக்கு ஒரு விலையும் இருந்தது. விடுதி பிராமண விதவைகளுக்கே உரியதாயிருந்தமையால், பிற சமூகத்துப் பெண்களுக்கு அங்கே இடமில்லாது போயிற்று. பின்னர் அவர் தோற்றுவித்த சாரதா வித்தியாலயம் கல்வியின் வாயிலை மேலும் அகலத் திறந்தது.

1969இல் அவர் மறைந்தார். உரத்த குரலில் வழக்கத்தைப் பழித்தவர் பலர். அதனை மீறிய பின்னும் ஒரு பெண் தன் காலில் நிற்பதற்கு வழிசெய்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி.