றொசல்ல வழியே ஏறிய பாதைகள்

நாவலப்பிட்டியை விட்டு மலையேறும் புகையிரதம் இங்குருஓயா, கலபொட, வட்டவளை ஆகிய நிலையங்களைக் கடந்து, ஹற்றனை அடையுமுன் றொசல்ல என்னும் சிறு நிலையத்தை எட்டுகின்றது. அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெருவும் இதே மலைப்புறத்தில்தான் வளைந்து ஏறுகின்றது. றொசல்ல பெருநகரமன்று. சுற்றிலும் தேயிலை மலைகளும் லயன் வரிசைகளுமே உள்ளன. ஆயினும், புதிதாக ஒரு பாதை திறக்கப்படும்போது பழைய பாதைகளுக்கும் அவற்றை நம்பி வாழ்ந்தோருக்கும் யாது நேர்கின்றது என்று அறிய விரும்புவோர், இந்தச் சரிவின் கதையைக் கேட்பது நன்று.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமானபோது, மலைநாட்டில் வண்டி செல்லத்தக்க தெரு இருக்கவில்லை. தேசாதிபதி எட்வேர்ட் பான்ஸ் 1820களில் கொழும்பிலிருந்து கண்டிக்குத் தெரு அமைப்பித்தார். அதன் நோக்கம் படை நடத்துவது. கோப்பிப் பயிர் பரவத் தொடங்கியபின் நோக்கம் மாறியது. தோமஸ் ஸ்கின்னர் என்னும் அதிகாரி, 1867இல் ஓய்வு பெறும்வரை, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மலைநாட்டுத் தெருக்களை அளப்பதிலும் அமைப்பதிலும் செலவிட்டார். அவர் பெயரை நூல்கள் போற்றுகின்றன, போற்றத்தான் வேண்டும். ஆனால் மண் வெட்டியவரும் கல் உடைத்தவரும் மதகு கட்டியவரும் யாவர்? தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அவருட் பெருந்தொகையினர். மன்னார்க் கரையில் இறங்கி, வனாந்தரத்தினூடே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். வழியிலேயே காய்ச்சலுக்கும் பேதிக்கும் இரையானோர் பலர். நடப்பதற்கு நல்ல பாதையின்றி வந்தவர்களே பிறர் வண்டிகள் செல்லப் பாதை போட்டார்கள்.

கோப்பித் தோட்டங்கள் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பள்ளத்தாக்குகளுக்குப் பரவியபோது, அவற்றைக் கீழ்நாட்டோடு இணைக்கும் தெருவின் தேவை பெரிதாயிற்று. புகையிரதம் 1867இல் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் அடைந்தது. அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு நாவலப்பிட்டியே அப்பாதையின் எல்லை. அந்தப் பத்து ஆண்டுகளில் அம்பகமுவைப் பகுதியின் மலைத்தெருக்கள் மாட்டு வண்டிகளின் உலகமாக இருந்தன. கீழே இறங்கும் வண்டியில் கோப்பி; மேலே ஏறும் வண்டியில் அரிசி. தொழிலாளர் உண்ணும் அரிசி இந்தியாவிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்தே மலைக்கு ஏறவேண்டியிருந்தது. மழை பலத்துத் தெரு உடைந்தால் கோப்பி தாமதமாகும். அது துரைக்கு நட்டம். அரிசி தாமதமானாலோ லயனில் அடுப்பு எரியாது. ஒரே தெரு உடைந்தாலும் அதனால் வரும் துன்பம் எல்லார்க்கும் ஒன்றன்று.

வட்டவளை இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று முதன்முதல் மோதும் மலைமுகம் இதுவே. ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை இங்கு பொழிகின்றது. இத்தகைய சரிவிலே தெரு அமைப்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று. காண் அடைபட்டால் நீர் தெருவின்மேல் பாயும். மதகு சிறிதானால் கரை அரிக்கப்படும். ஓரிரவில் மேல்மண் சரிந்து வழியை மூடிவிடும்.

புகையிரதப் பாதை இவ்வழியே ஹற்றனை அடைந்தது 1884ஆம் ஆண்டில். மறு ஆண்டே அது நானுஓயா வரை நீண்டது. மாட்டு வண்டி ஏறும் சரிவில் புகைவண்டி ஏறாது. 44 அடி செல்ல ஓரடி மட்டுமே உயரலாம் என்னும் அளவுக்கு உட்பட்டு, மலையின் ஒவ்வொரு மடிப்பையும் சுற்றிச் சுற்றி இருப்புப் பாதை மேலேறிற்று. இங்கே விதியின் விளையாட்டு ஒன்றையும் சொல்லவேண்டும். கோப்பி விளைச்சலை இறக்குவதற்கென்றே தோட்டக்காரர் மலைக்குப் புகையிரதம் வேண்டுமென்று மன்றாடினர். ஆனால் 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், புகையிரதம் ஹற்றனுக்கு வந்து சேர்வதற்குள் கோப்பியை ஏறக்குறைய அழித்துவிட்டது. கோப்பிக்காக வந்த வண்டியில் ஏறியது தேயிலை.

பயிர் மாறியதும் போக்குவரத்தின் இயல்பே மாறியது. கோப்பி ஆண்டிற் சில மாதங்களே இறங்கும். அதன் இறுதிப் பதப்படுத்தலும் பெரும்பாலும் கொழும்பிலேயே நடைபெற்றது. தேயிலைக் கொழுந்தோ பறித்த உடனே தோட்டத்துக்குள்ளேயே பக்குவப்படுத்தப்பட வேண்டியது. ஆகவே இயந்திரங்களும், பெட்டிப் பலகையும், ஈயத் தகடும் மலைக்கு ஏறவேண்டியனவாயின. பன்னிரண்டு மாதமும் தேயிலைப் பெட்டிகள் இறங்கவேண்டியனவாயின. புகையிரதம் வந்தபின் மாட்டு வண்டி ஒழிந்துபோகும் என்று எண்ணுவது எளிது. உண்மை வேறு. நாவலப்பிட்டி வரை செல்லும் நெடும் பயணம் குறைந்தது. தோட்டத்திலிருந்து நிலையத்துக்குச் செல்லும் குறும் பயணங்கள் பெருகின. ஹற்றன் நிலையத்தைச் சுற்றிக் களஞ்சியங்களும் கடைகளும் எழுந்தன. வண்டிக்காரர் தங்கிச் சென்ற பழைய இடங்கள் மங்க, நிலையத்தின் வாசலில் ஒரு பட்டினம் பிறந்தது. நெரிசல் நீங்கவில்லை, அது இடம் பெயர்ந்தது என்பதே சரி.

பெருந்தெருவிலிருந்து தோட்டங்களை நோக்கிப் பிரியும் இணைப்புத் தெருக்கள் எவ்வாறு அமைந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. கிளைத்தெருக்களின் செலவில் ஒரு பங்கை அரசாங்கமும் மறு பங்கைத் தோட்டக்காரரும் ஏற்பது அக்கால ஏற்பாடு. பணம் தருபவரே வழியைத் தீர்மானித்தனர். தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் தெரு சென்றது. லயன்களுக்குச் சென்றது ஒற்றையடிப் பாதையே. தோட்டத்துக்குள் உள்ள தெரு தனியார் சொத்து. அதில் யார் வரலாம், யார் வரலாகாது என்பதைத் தோட்ட நிர்வாகமே முடிவு செய்தது. தொழிற்சங்கங்கள் தோன்றிய நாட்களில் தோட்டத்துக்குள் நுழைவதே அவற்றின் பிரசாரகர்களுக்குப் பெரும் போராட்டமாயிருந்ததற்கு இதுவே காரணம். தெரு என்பது மனிதரைச் சேர்க்கும் என்பார்கள். இங்கே அது வாயிற்கதவாகவும் இருந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் லொறியும் பஸ்ஸும் மலையேறத் தொடங்கின. இப்போது வெற்றி தெருவின் பக்கம் சாய்ந்தது. இதற்கு நல்ல சான்று நானுஓயாவிலேயே உண்டு. அங்கிருந்து நுவரெலியா வழியாக 1904இல் இராகலை வரை சென்றடைந்த சிற்றிருப்புப் பாதை, மோட்டார் வாகனங்களின் போட்டியைத் தாங்கமாட்டாமல் 1940இல் பயணிகள் சேவையை இழந்து, 1948இல் முற்றாக மூடப்பட்டது. றொசல்ல வழிச் செல்லும் பெரிய பாதைக்கு அக்கதி நேரவில்லை. 1924இல் பதுளை வரை நீண்டுவிட்ட பாதையை எளிதில் கைவிட முடியாது. எனினும் கண்டிப் பக்கமாகச் சுற்றி வரும் புகையிரதத்தைக் காட்டிலும் கித்துல்கல வழி கொழும்புக்குக் குறுக்குவழி. எனவே அவசரக்காரர் தெருவையும், அவசரமற்றவர் இருப்புப் பாதையையும் நாடினர். தேயிலையும் மெல்ல மெல்ல லொறிக்கு மாறியது.

பஸ் சேவைகள் 1958 ஜனவரி முதலாம் நாள் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. இதனால் மலைநாட்டுப் பட்டினங்களுக்கிடையே பிரயாணம் இலகுவாயிற்று. ஆனால் பஸ் பெருந்தெருவிலேயே நின்றது. அங்கிருந்து லயனுக்குச் செல்லும் மைல்களை முன்போலவே கால்கள் அளந்தன. பிரசவ வேதனையிலுள்ள பெண்ணைக் கம்பளியில் ஏந்திப் பெருந்தெருவுக்குச் சுமந்து வருவது மலையகத்தில் எந்தத் தலைமுறைக்கும் புதிய செய்தியன்று. பள்ளிப் பிள்ளைகள் அட்டைக் கடியோடு மழையில் இறங்கி, மாலையில் மீண்டும் ஏறினார்கள். ஹற்றனிலோ நிலைமை நேர்மாறானது. சிவனொளிபாதமலைப் பருவமாகிய மார்கழி முதல் வைகாசி வரை, யாத்திரிகர் வாகனங்களும் ஊர் வாகனங்களும் ஒரே குறுகிய கடைத்தெருவில் நெருங்கி முட்டும். ஒரு பக்கம் வாகனம் மிகுந்து திணறல். சில மைல் அப்பால் வாகனமே வாராத ஏக்கம்.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இவ்வளவு கைமாறியும் தோட்டத் தெருவைச் செப்பனிடும் பொறுப்பு யாருடையது என்னும் வினா தீரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. வாக்களித்துச் சபை உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அந்தச் சபை தம் வாசலில் ஒரு கூடை கல் கொட்டமுடியாது! இந்த விந்தை முப்பது ஆண்டுகள் நீடித்தது. நீண்ட முயற்சிக்குப் பின் 2018ஆம் ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டமே அத்தடையை நீக்கியது. சட்டம் வழி திறந்தாலும் சபைகளின் பணப்பெட்டி சிறிது, தெருக்களோ நெடியன.

இதற்கிடையில் முச்சக்கர வண்டி அந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கியது. துரைமார் வண்டிக்கென வெட்டிய வளைவுகளில் இன்று அது நோயாளியையும், அரிசி மூடையையும், பரீட்சைக்குச் செல்லும் மாணவியையும் ஏற்றிச் செல்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோது, பெருந்தெருக்களும் இருப்புப் பாதையும் பல இடங்களில் மண்சரிவால் துண்டிக்கப்பட்டன. ஸ்கின்னர் காலத்து மனிதரைப் போலவே மலைமக்கள் பலர் மீண்டும் கால்நடையாகப் புறப்பட்டார்கள். மண்வெட்டி எடுத்து வழி திறந்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள்.